ஒரு மரவள்ளிப் படலமும் இரண்டு ஊர்க் காற்றும்

நவம்பர் மாதத்தின் இரண்டாவது வாரம் அது. மரவள்ளி மாவுச்சத்தைக் கொண்டு நான் செய்திருந்த முப்பது படலங்களை, இடையிடையே ஒரு வெள்ளைத் தாள் வைத்து அடுக்கி, அட்டைப்பெட்டியில் கட்டி, ஆத்தூரிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் கொண்டு சென்றேன். மறுநாள் காலை ஆய்வாளர்கள் சிலர் முன்னிலையில் அவற்றைக் காட்ட வேண்டியிருந்தது. இரவெல்லாம் மழை கொட்டியது. காலையில் பெட்டியைத் திறந்தபோது முப்பதும் ஒன்றோடொன்று ஒட்டி, தாளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பிழியாமல் மடித்து வைத்த துணியைப் போலக் கிடந்தன. ஒன்றின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். அது தனியே பிரியாமல் பிசினைப் போல நீண்டுகொண்டே வந்தது. அதே அளவில், அதே கலவையில் ஏப்ரல் மாதம் ஆத்தூரில் செய்த படலங்களோ, மடித்த இடத்தில் அப்பளத்தைப் போல நொறுங்கியிருந்தன.

உண்ணத்தக்க உறை ஒன்றை மாவுச்சத்தால் செய்ய வேண்டும் என்று நான் இறங்கி இப்போது ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆறு ஆண்டுகளும் ஒரே பொருள் இரண்டு ஊர்க் காற்றில் இரண்டு விதமாக நடந்துகொள்வதைப் புரிந்துகொள்வதிலேயே பெரும்பாலும் கழிந்தன என்று சொன்னால் மிகையாகாது.

தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. கைப்பைகளும் தட்டுகளும் குவளைகளும் அந்தத் தடைக்குள் வந்தன. எங்கள் தெருக் குப்பையை நான் கவனித்த வரையில், அதன் பிறகும் குறையாமல் இருந்தவை சின்னஞ்சிறு பொட்டலங்களே: மசாலாப் பொடி, காப்பித் தூள், ஊறுகாய், உடனடிச் சேமியாவுக்குள் வைக்கும் எண்ணெய் உறை. இவற்றில் பல, நெகிழித் தாளும் அலுமினியத் தாளும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டவை. அடுக்குகளைப் பிரிக்க வழியில்லாததால் மறுசுழற்சிக்கு அவற்றை எவரும் வாங்குவதில்லை. கட்டைவிரல் அளவே இருப்பதால் குப்பையிலிருந்து பொறுக்குவோருக்கும் அவற்றால் பயனில்லை. ஐந்து கிராம் பொடியை அடைக்க, நூறு ஆண்டுக்கு மேல் மண்ணில் கிடக்கும் ஓர் உறை தேவைதானா என்ற கேள்வியிலிருந்துதான் என் வேலை தொடங்கியது.

எந்த மாவுச்சத்து என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளி, சேலம், நாமக்கல் மாவட்டங்களின் வயல்களில் எங்கும் நிற்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மலேயாவிலிருந்து சேகோ எனப்படும் ஜவ்வரிசி வருவது நின்றபோது, சேலத்தில் இந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். உற்பத்தியாளர்களுக்கான கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981இல் அமைந்தது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இங்கே கிழங்கின் விலையை எடை மட்டும் தீர்மானிப்பதில்லை. கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்பதைப் ‘பாயிண்ட்’ என்று சொல்லி, பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்றே மில்லில் பேசுவார்கள். தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளுக்குள் உள்ளே நீலம் பாய்ந்து கெடத் தொடங்கிவிடும் என்பதால், பேரம் பேச விவசாயிக்கு நேரமும் இருக்காது. முள்ளுவாடி, குங்குமரோஸ் என்ற மரவள்ளி வகைகளைப் பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவள் நான். ஆகவே மரவள்ளி மாவுக்கு ஜவ்வரிசியைத் தவிர இன்னொரு நல்ல விலை கிடைக்கும் வழி ஒன்று இருக்க வேண்டும் என்ற ஆசையையும் மறைக்க விரும்பவில்லை.

கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, சல்லடையில் அலசினால், நார் நிறைந்த திப்பி ஒருபுறம் தங்க, மாவுச்சத்து பால் போலத் தொட்டிக்குள் இறங்கும். கிழங்கில் இயல்பாக உள்ள, சயனைடை வெளிவிடக்கூடிய பொருள்கள் இந்த அரைப்பிலும் அலசலிலும்தான் பெருமளவு நீங்குகின்றன. தொட்டியில் மாவு படிந்த பிறகு, மேலே ஒரு மஞ்சள் நிற அடுக்கு நிற்கும். அதில் புரதமும் நுண்ணிய நாரும் கலந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்த பிறகு கீழே இருப்பதே நல்ல மாவு. முப்பது ஆண்டுகள் தொட்டி வேலை பார்த்த ஒரு பெரியவர் எனக்கு முதல் பாடம் சொல்லித் தந்தார். “ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு நசுக்கிப் பாரு கண்ணு. கிறீச்சுனு சத்தம் கேக்கணும். கேக்கலன்னா அதுல திப்பி நிக்குது.” ஆய்வகக் கருவிகள் வாங்குவதற்கு முன் ஓராண்டு முழுவதும் அந்தக் கிறீச் ஒலியை நம்பித்தான் மாவைத் தேர்ந்தெடுத்தேன். ஒருமுறை ஓரிடத்தில் வாங்கிய மூட்டையின் மாவு கண்ணைப் பறிக்கும் வெண்மையுடன் இருந்தது. கூழ் காய்ச்சினால் தண்ணீராக ஓடியது. படலமோ கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும், இழுத்தவுடன் அறுந்தது. வெளுப்பதற்காகச் சேர்த்த குளோரின் சார்ந்த பொருள் மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளைத் துண்டாக்கியிருக்க வேண்டும் என்று பிறகு புரிந்துகொண்டேன். அன்றிலிருந்து, வெளுக்காத மாவை எனக்கு நேரில் தெரிந்த தொட்டியிலிருந்து மட்டுமே எடுக்கிறேன்.

செய்முறையைச் சொல்வது எளிது. நூறு மில்லி தண்ணீரில் நான்கு கிராம் மாவு. மாவின் எடையில் முப்பது விழுக்காடு கிளிசரின், அதாவது 1.2 கிராம். கலக்கிக்கொண்டே சூடாக்கினால் 65 டிகிரியைத் தாண்டும்போது பால் நிறம் மறைந்து கஞ்சி தெளியும். நான் 85 டிகிரி வரை கொண்டுபோய் அரை மணி நேரம் அங்கேயே நிறுத்துகிறேன். பிறகு குமிழிகளை வெற்றிடப் பம்பினால் வெளியேற்ற வேண்டும். குமிழி ஒன்றே ஒன்று நின்றாலும் உலர்ந்த படலத்தில் அது ஊசித் துளையாகிவிடும். 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டில் நாற்பது கிராம் கஞ்சியை ஊற்றி, 40 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தினால், ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு படலம் கிடைக்கும். தமிழ்நாட்டுத் தடை ஒருபுறம் இருக்க, மத்திய அரசின் விதி அனுமதிக்கும் நெகிழிக் கைப்பையின் குறைந்தபட்சத் தடிமன் 0.12 மில்லிமீட்டர் என்பதை வைத்து இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

தட்டிலிருந்து உரிப்பதுதான் கடினம். முதல் ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட படலங்களை நான் உரிக்கும்போதே இழந்தேன். ஓரத்தில் கத்தி முனையை நுழைத்தவுடன் ‘டிக்’ என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். கீறல் ஒன்று நடுவரை ஓடியிருக்கும். ஊருக்குப் போயிருந்த ஒரு மாசி மாதத்தில் அம்மா இலை வடாம் போட்டுக்கொண்டிருந்தார். அரிசி மாவை நீர்க்கக் கரைத்து, பூவரச இலையின் மேல் மெல்லியதாகத் தடவி, ஆவியில் வேகவைத்து, இலையிலிருந்து உரித்து, நிழலில் துணி மேல் பரப்புவார். ஏன் இலையிலேயே காயவிட்டு உரிக்கக் கூடாது என்று கேட்டேன். “காஞ்சப்புறம் உரிச்சா ஒடஞ்சு போயிரும். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே உரிச்சாத்தான் முழுசா வரும்” என்றார். மறுவாரம் ஆய்வகத்தில், உலர்ந்த தட்டுகளை உடனே உரிக்காமல், பாதி ஈரமுள்ள காற்று நிறைந்த மூடிய பெட்டியில் ஓரிரவு வைத்துவிட்டு உரித்தேன். இருபத்து நான்கில் இருபத்து மூன்று முழுதாக வந்தன. இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் ‘ஈரப்பதம் 53 விழுக்காட்டில் பதப்படுத்தி உரிக்கப்பட்டது’ என்ற வரி இருக்கிறது. நான் அதை எத்தனையோ முறை வாசித்தும் கடந்து போயிருந்தேன்.

தண்ணீர் இங்கே என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு: நீளமாக, பெரும்பாலும் கிளையின்றி ஓடும் அமைலோஸ்; மரம் போலக் கிளைக்கும் அமைலோபெக்டின். மரவள்ளி மாவில் அமைலோஸ் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. கஞ்சி உலரும்போது இந்தச் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பிடி மிக இறுகினால் படலம் கண்ணாடியைப் போல உடையும். கிளிசரின் மூலக்கூறுகள் இடையில் புகுந்து பிடியைத் தளர்த்துவதால்தான் படலம் வளைகிறது. ஆனால் அதே வேலையைத் தண்ணீரும் செய்கிறது, கிளிசரினைவிடத் திறமையாகவே செய்கிறது. போதாக்குறைக்குக் கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. ஆகவே ஏப்ரல் மாதத்து ஆத்தூரில் படலம் தன்னிடமிருந்த தண்ணீரை இழந்து இறுகுகிறது. நவம்பர் மாதத்துச் சென்னையில் காற்றிலிருந்த தண்ணீரைக் குடித்துக் குழைகிறது. இது தவிர, நாள் ஆக ஆகச் சங்கிலிகள் தாமாகவே வரிசையாக அடுக்கிக்கொள்ளும் போக்கும் உண்டு. சுடச்சுடக் கிண்டிய களி மறுநாள் கத்தியால் வெட்டும் அளவுக்குக் கெட்டிப்படுவதும், ஆறிய சோறு விறைப்பதும் இதே காரணத்தால்தான். நான் செய்த படலமும் இரண்டு மாதத்தில் அப்படி விறைத்தது.

எனவே, இந்தத் துறையில் இருக்கும் எல்லோரையும் போல நானும் தண்ணீரைத் தடுக்கவே முதலில் முயன்றேன். மாவுச்சத்துப் படலம் தன் வழியே விடும் நீராவியின் அளவு பாலித்தீனைப்போல நூறு மடங்குக்கும் மேல். தேன்மெழுகை உருக்கிக் கஞ்சியோடு அடித்துக் கலந்தேன். உலரும்போது மெழுகு பிரிந்து மேலே திட்டுத்திட்டாகப் படிந்தது. ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைச் சேர்த்தபோது ஊடுருவும் நீராவி ஓரளவு குறைந்தது, படலம் மங்கி வலுவிழந்தது. சிட்ரிக் அமிலத்தால் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கலாம். சூடு சற்று மிகுந்தால் அதே அமிலம் சங்கிலிகளை அறுத்தும்விடும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானைச் சேர்த்தபோது கிடைத்த படலம்தான் எல்லாவற்றிலும் நேர்த்தியாக இருந்தது: வலுவும் இருந்தது, பூஞ்சையும் பிடிக்கவில்லை. ஆனாலும் அதை நான் கைவிட்டேன். இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் உண்டு. மேலும், நம் ஊரில் சைவ உணவுக்குரிய பச்சைக் குறி போட்ட ஒரு ரசப்பொடியை இறால் ஓட்டுச் சத்தில் பொதிந்து விற்பது, சாப்பிடுகிறவரை ஏமாற்றுவதாகும். உறையும் உணவாகிவிட்ட பிறகு, உணவுக்குரிய எல்லாப் பொறுப்பும் உறைக்கும் வந்துவிடுகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் இதைப் பற்றிப் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

என் எண்ணம் திசை மாறியது ஆந்திரத்து இனிப்பு ஒன்றால். கோதாவரிக் கரையிலுள்ள ஆத்ரேயபுரத்தில் பூதரேகுலு என்ற பலகாரம் செய்கிறார்கள். அதற்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அரிசியை ஊறவைத்து நீர்க்க அரைத்த கரைசலில் ஒரு துணியை நனைத்து, கவிழ்த்து வைத்த சூடான பானையின் வயிற்றின் மேல் ஓர் இழுப்பு இழுத்தால், சில நொடிகளில் திசுத்தாளினும் மெல்லிய ஒரு படலம் எழுந்து நிற்கும். அந்தப் படலம் உலர்ந்தவுடன் தொட்டாலே உதிரும். ஆகவே அதற்குள் நெய்யும் சர்க்கரையும் வெல்லமும் வைத்து மடிப்பதற்கு முன், ஈரத்துணியால் லேசாக ஒற்றி எடுக்கிறார்கள். அந்தத் துளி ஈரத்தில் அது துணி போல வளைந்துகொடுக்கிறது. வியட்நாமியர்கள் அரிசித் தாளைத் தண்ணீரில் ஒருமுறை அமிழ்த்திச் சுருட்டுவதும் இதே போன்றதுதான். சீனத்து ‘வெள்ளை முயல்’ பால் மிட்டாயைச் சுற்றியிருக்கும் மெல்லிய தாள், வாயில் போட்டவுடன் கரைந்துவிடுகிறது. இவர்களில் எவரும் தண்ணீரோடு சண்டை போடவில்லை. மடிக்க வேண்டிய நேரத்தில் ஈரத்தைக் கொடுத்தார்கள், கரைய வேண்டிய இடத்தில் கரைய விட்டார்கள், மற்ற நேரம் முழுவதும் உலர்வாக வைத்துக் காத்தார்கள்.

அதன் பிறகு நான் என்னை வேறு விதமாகக் கேட்டுக்கொண்டேன்: தண்ணீரில் கரைவது குறையாக இல்லாத பொட்டலம் எது? கொதிக்கும் தண்ணீரில் அப்படியே போடக்கூடியது. மாவுச்சத்துப் படலத்துக்கு இரண்டு நல்ல குணங்கள் உண்டு. தண்ணீரைப் பற்றிய கவலையில் அவற்றை நான் மறந்தே போயிருந்தேன். உலர்ந்த நிலையில் அது ஆக்சிஜனைப் பாலித்தீனைவிட நன்றாகத் தடுக்கும். எண்ணெயை வெளியே விடவே விடாது. நல்லெண்ணெய் ஐந்து மில்லியை ஒரு பொட்டலத்தில் அடைத்து வடிதாளின் மேல் வைத்தேன். இருபது நாள் கழித்தும் தாளில் ஒரு புள்ளிக் கறைகூட இல்லை. சிறு பொட்டலத்தின் ஓரங்களை வெப்பக் கம்பியால் ஒட்டலாம். ஆனால் விரலில் ஒரு துளி தண்ணீரைத் தொட்டு ஓரத்தில் தடவி அழுத்தினாலே, அஞ்சல் உறையை ஒட்டுவதைப் போல ஒட்டிக்கொள்கிறது. அஞ்சல் உறையின் பசையும் காலங்காலமாக மாவுச்சத்தை வறுத்துச் செய்யும் டெக்ஸ்டிரின் தானே.

ரசப்பொடிப் பொட்டலம் கரைவதை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. கொதிக்கும் புளித்தண்ணீரில் போட்டவுடன் அது முதலில் மிதக்கும். ஓரங்கள் சுருண்டு, படலம் பால் நிறத்திலிருந்து தெளிவாகும். பிறகு ஒரு மூலை திறந்துகொண்டு, மிளகும் சீரகமும் ஒரு பழுப்புப் புகையைப் போல வெளியே இறங்கும். ஒரு நிமிடத்துக்குள் உறை இருந்த இடம் தெரியாது. புதிய படலம் என்றால் அப்படி. இரண்டு மாதம் பழகி விறைத்த படலமானால், கரையாத மெல்லிய சவ்வு ஒன்று கரண்டியில் மாட்டும். குடிப்பவருக்கு அது பிடிக்காது, எனக்கும் பிடிக்கவில்லை. உப்புச் சேர்த்த பொடியை அடைத்தபோது வேறொரு சிக்கல் வந்தது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, உள்ளிருந்தே படலத்தைக் குழைத்துவிட்டது. இப்போது உப்பில்லாத பொடியைத்தான் அடைக்கிறேன்; உப்பைச் சமைக்கிறவர் போட்டுக்கொள்ளட்டும்.

இதைப் பற்றி நான் பேசும் இடங்களில், ‘அப்படியானால் நெகிழியே இனித் தேவையில்லை அல்லவா?’ என்று ஆர்வத்தோடு கேட்பார்கள். இல்லை என்றே ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பிடப்போகும் உறையைப் பலர் கைபட, தூசுபடக் கடையில் தொங்கவிட முடியாது. அதற்கு ஒரு வெளியுறை கட்டாயம் வேண்டும். பத்துப் பொட்டலங்களை மூடி இறுகும் ஒரு டப்பாவில் வைத்து விற்று, டப்பாவைத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் முறை இருந்தால், பத்து அலுமினியப் பொட்டலங்கள் குறையும்; நான் கோரும் பயன் அவ்வளவுதான், ஆனால் அது உண்மையான பயன். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மரவள்ளிப் பை என்று சந்தையில் கிடைக்கும் பைகள் பலவற்றில் மாவுச்சத்தோடு பிபேட் என்ற மக்கும் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. உரக்குழியில் மக்கும் என்பது வேறு. உண்ணலாம் என்பது வேறு. பையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக் காட்டும் காணொளிகளைப் பார்க்கும்போது எனக்குப் பதற்றமாக இருக்கிறது. பார்க்கும் குழந்தைகள் எந்தப் பையை வாயில் வைப்பார்கள் என்று யார் உறுதி சொல்வது?

செலவுக் கணக்கும் இன்னும் கைகூடவில்லை. என் கலவையில் ஒரு கிலோ படலம் செய்ய 16 கிலோவுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்க வேண்டியிருக்கிறது. ஆய்வகத்தில் அது மின்சாரக் கட்டணம். ஆலையில் அதுவே லாபத்தைத் தின்றுவிடும். சேலத்து ஜவ்வரிசி ஆலைகளின் பரந்த சிமெண்டுக் களங்களில் வெயில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று நினைத்து, கூடாரம் போன்ற மூடிய சூரிய உலர்த்தி ஒன்றில் முயன்றேன். நான்கு மணி நேரத்தில் மேற்பரப்பு காய்ந்து, அடி ஈரமாக நின்று, ஓரங்கள் சுருண்டன. கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, மாவை ஆறு விழுக்காடாக உயர்த்தி, கூடாரத்தின் காற்றோட்டத்தைக் குறைத்த பிறகு இப்போது ஓரளவு சமமாக உலர்கிறது. நீரைக் குறைத்து இயந்திரத் திருகு வழியாக உருக்கிப் பிதுக்கும் முறையும் உண்டு. அதற்கான இயந்திரம் என் கைக்கு எட்டும் விலையில் இல்லை.

இப்போது என் மேசையில் இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருக்கின்றன. ஒன்றின் அடியில் சமையல் உப்பின் நிறைகரைசல். மூடிய ஜாடிக்குள் அது காற்றின் ஈரப்பதத்தை 75 விழுக்காட்டில் நிறுத்தி வைக்கும். மற்றொன்றில் மெக்னீசியம் குளோரைடு. அங்கே 33 விழுக்காடு. முதல் ஜாடியின் மூடியில் ‘சென்னை, நவம்பர்’ என்றும், இரண்டாவதில் ‘ஆத்தூர், ஏப்ரல்’ என்றும் ஒட்டியிருக்கிறேன். இரண்டிலும் கிளிசரினை 22 விழுக்காடாகக் குறைத்துச் செய்த நல்லெண்ணெய்ப் பொட்டலங்கள் பன்னிரண்டு பன்னிரண்டாகத் தொங்குகின்றன. இன்று நாற்பத்தொன்றாம் நாள். சென்னை ஜாடியில் ஒன்று ஓரம் விட்டு எண்ணெய் கசிந்திருக்கிறது. ஆத்தூர் ஜாடியில் இரண்டை எடுத்து மடித்துப் பார்த்தேன். ஒன்று வளைந்தது, மற்றொன்றின் மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது, ஆனால் உடையவில்லை.